பொருளாளருக்கு மட்டும் இருந்த விதி

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத் தமிழர் சங்கத்தில் தலைவர், செயலாளர் பதவிகளுக்குப் போட்டியே இருக்காது. ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம். பொருளாளர் பதவிதான் தலைவலி. சங்கப் பதிவகம் தரும் மாதிரி விதிகளை ஒட்டித்தான் எங்கள் விதிகளும் எழுதப்பட்டவை. அதன்படி பொருளாளர் மட்டும் அடுத்த பதவித் தவணையும் அதே பதவிக்கு வர முடியாது. (அறநிறுவனங்களுக்கான ஆளுகை நெறிமுறைகூடப் பொருளாளர் தொடர்ந்து 4 ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது.) அதனால் தேர்தல் வந்தாலே ஆள் தேடி அலைவோம்.

செயலாளரான பிறகு பழைய கோப்புகளைப் புரட்டினேன். சங்கத்தில் வேலை தெரிந்தவர்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் முன்னாள் பொருளாளர்கள்! ரசீது, வங்கி, கணக்காய்வு எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. பதவி முடிந்ததும் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. மண்டபப் பதிவு, ஆதரவாளர்களிடம் பேசுவது, மானிய விண்ணப்பம் இதெல்லாம் தலைவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

தலைவர், செயலாளர் பதவிகளுக்கும் தவணை வரம்பு வைக்கலாம் என்று செயலவையில் சொன்னேன். தலைவர் கோபப்படவில்லை. “நான் போயிட்டா யாரும்மா வருவா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இளையர்கள் தொண்டூழியத்துக்கு வருவார்கள், நாற்காலி அடுக்குவார்கள். செயலவை என்றதும் நழுவிவிடுவார்கள்.

சரி, முதலில் ஆளைத் தயார்செய்வோம் என்று ஏப்ரல் தமிழ்மொழி விழா நிகழ்ச்சியை முழுக்க ஓர் இளையர் குழுவிடம் விட்டோம், செலவுத் தொகையோடு சேர்த்து. இதில்தான் செயலவையில் பெரிய வாக்குவாதம். பணத்தைத் தராமல் பொறுப்பை மட்டும் தந்தால் ஒரு பதாகை அடிக்கக்கூட நம்மிடம்தான் வந்து நிற்பார்கள் என்பது என் கட்சி. முன்னாள் பொருளாளர் ஒருவர் கணக்கை மேற்பார்வையிட ஒப்புக்கொண்ட பிறகுதான் பெரியவர்கள் இறங்கிவந்தார்கள். இளையர் குழுவின் கூட்டங்களில் தலைவர் உட்காரலாம், கேட்டால் மட்டும் பேசலாம் என்று ஏற்பாடு. பாவம், அவருக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நிகழ்ச்சி சுமாராகத்தான் நடந்தது. ஆனால் அந்தக் குழுவில் இருவர் செயலவைக்கு வரச் சம்மதித்தார்கள்.

அப்புறம் தவணை வரம்புக்கான விதித் திருத்தம். பொதுக்கூட்டத்துக்கு, வாக்குரிமை உள்ளவர்களில் 25 விழுக்காடு அல்லது 30 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் வரவேண்டும். கூட்டத்தன்று நல்ல மழை, ஆள் சேரவில்லை. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வந்தவர்களை வைத்துக் கூட்டம் நடத்தலாம். ஆனால் அப்படி நடக்கும் கூட்டத்தில் விதியைத் திருத்த முடியாது. ஆகவே தனியாக ஒரு சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டினோம். குறுஞ்செய்தியோடு நிறுத்தாமல் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒவ்வொரு உறுப்பினரையும் தொலைபேசியில் அழைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தது. பதிவாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் கிடைத்து, திருத்தம் நடப்புக்கு வந்தது.

இப்போதைய தலைவர் ஒரு முன்னாள் பொருளாளர். மானிய விண்ணப்பம் மட்டும் இன்னும் பழைய தலைவர் கையில்தான் இருக்கிறது. உதவிச் செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார். அடுத்த விண்ணப்பத்தை உதவிச் செயலாளர் எழுத, பழைய தலைவர் சரிபார்ப்பதாகப் பேச்சு.