மூளையின் அரிய லிம்ஃபோமாக்கள்: எம்.டி. நோயியல் தேர்வுக்கு நான் படித்த முறை

மைய நரம்பு மண்டலக் கட்டிகளைப் படிக்கும் பெரும்பாலோர் கிளையோமாவிலேயே (மூளையின் தாங்கு செல்களில் தோன்றும் கட்டி) நேரத்தைச் செலவிட்டுவிட்டு, லிம்ஃபோசைட் என்னும் வெள்ளணுக்களின் புற்றுநோயான லிம்ஃபோமாவுக்கு "டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் வகை, சி.டி.20 பாசிடிவ்" என்ற ஒற்றை விடையோடு தேர்வுக்குச் செல்கிறார்கள். (பி செல் என்பது லிம்ஃபோசைட்டில் ஒரு வகை; சி.டி.20 அதன் அடையாளப் புரதம்.) மூளையில் முதன்மையாகத் தோன்றும் லிம்ஃபோமாக்களில் பத்தில் ஒன்பதுக்கு அந்த விடை சரிதான். ஆனால் வாய்மொழித் தேர்வான வைவாவில் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது எஞ்சியவற்றைப் பற்றிய கேள்விகளே.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் உள்ள பெயர்களை நான் வரிசையாக மனப்பாடம் செய்யவில்லை. கட்டிச் செல்கள் எங்கே தங்கியிருக்கின்றன என்ற ஒரே கேள்வியை வைத்துப் படித்தேன். அந்த இடம் தெரிந்துவிட்டால், நோயாளி எப்படி வருவார், எதை வேறொன்றாக எண்ணி ஏமாறுவோம், திசுவை எங்கிருந்து எடுப்பது என்பவற்றை யோசித்தே சொல்லிவிடலாம்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இரத்தக்குழாய்க்குள் வளரும் பெரிய பி செல் லிம்ஃபோமா. இதன் செல்களில் சி.டி.29, ஐகேம்-1 ஆகிய ஒட்டுப் புரதங்கள் குறைந்திருப்பதால், அவை குழாய்ச் சுவரைக் கடக்க இயலாமல் நுண்குழாய்களின் உள்ளேயே நிறைகின்றன என்று விளக்கப்படுகிறது. எனவே கட்டி என்று சொல்லத்தக்க திரட்சி பெரும்பாலும் இராது. நிணநீர்க் கணுக்களும் வீங்குவதில்லை. நோயாளி அடுத்தடுத்து வரும் பக்கவாதத்துடனோ, சில வாரங்களில் முற்றும் மறதி நோயுடனோ, காரணம் தெரியாத காய்ச்சலுடனோ வருவார். மூளை இரத்தக்குழாய் அழற்சி என்றே முதலில் தோன்றும். இரத்தத்தில் எல்.டி.எச். என்னும் நொதி மிக உயர்ந்திருந்தால் இந்த நோயை நினைக்க வேண்டும். பார்வைக்கு இயல்பாக உள்ள தோலில், அடிக்கொழுப்பு வரை ஆழமாக, பல இடங்களில் எடுக்கும் பயாப்சியிலேயே விடை கிடைக்கலாம் என்பதைத் தேர்வாளர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூளையின் வெளியுறையான டியூராவில் வரும் மால்ட் லிம்ஃபோமாவுக்கு (மெதுவாக வளரும் சிறிய பி செல் வகை) இவ்வளவு நேரம் வேண்டாம். நடுத்தர வயதுப் பெண், ஸ்கேன் படத்தில் மெனிஞ்சியோமா (மூளை உறைக் கட்டி) போன்ற தோற்றம், ஸ்லைடில் சிறிய பி செல்களும் பிளாஸ்மா செல்களும். லைட் செயின் ஒருமையை (செல்கள் எல்லாம் ஒரே வகை எதிர்ப்பொருள் சங்கிலியையே உருவாக்குவதை) நிறுவினால் போதும்.

லிம்ஃபோசைட்டின் இன்னொரு வகையான டி செல்லில் தோன்றும் லிம்ஃபோமாதான் உண்மையில் கடினம். சிறிய, சாதுவான டி செல்கள் அழற்சியிலும் இருக்கும், ஸ்டீராய்டு பெற்ற பி செல் லிம்ஃபோமாவிலும் எஞ்சியிருக்கும். ஆகவே டி செல் ஏற்பி மரபணுச் சோதனையில் ஒற்றைக் குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) தெரிந்தாலும், உருவத் தோற்றமும் மருத்துவ விவரமும் அதனோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஸ்டீராய்டைப் பற்றித் தெளிவாகப் பேசுவது அவசியம். டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு லிம்ஃபோமா செல்களை அழித்துவிடுவதால், பயாப்சியில் மேக்ரோஃபேஜ்களும் (சிதைவுகளை விழுங்கும் செல்கள்) கிளையோசிஸும் (மூளைத் திசுவின் தழும்பு) மட்டுமே மிஞ்சக்கூடும். மூளை அழுத்தம் உயிருக்கு ஆபத்தாக இல்லாதவரை, திசு எடுத்த பிறகே மருந்தைத் தொடங்குவது நல்லது. கொடுக்கப்பட்ட ஸ்லைடில் மேக்ரோஃபேஜ்கள் நிறைந்திருந்தால், டீமைலினேஷன் (நரம்பிழைகளின் உறை அழியும் நோய்) என்று முடிப்பதற்கு முன் நோயாளிக்கு ஸ்டீராய்டு தரப்பட்டதா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கே மதிப்பெண் உண்டு என்பது என் கணிப்பு.

நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் நசிவும் ஸ்கேனில் வளையம் போன்ற தோற்றமும் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணித் தொற்றை நினைவூட்டும். அங்கே எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான ஈபர் சோதனையைக் குறிப்பிடுங்கள். செய்முறைத் தேர்வில் ஸ்குவாஷ் ஸ்மியர் (திசுவை நசுக்கிப் பரப்பிய ஸ்லைடு) வந்தால், இழைப் பின்னணி இல்லாமல் தனித்தனியாகச் சிதறிய செல்களையும் லிம்ஃபோகிளாண்டுலர் துணுக்குகளையும் (லிம்ஃபோசைட்டின் சைட்டோபிளாசம் உடைந்த சிறு துண்டுகள்) தேடுங்கள். மூளைக்கு வெளியே நோய் இல்லை என்று காட்ட பெட்-சி.டி., ஆண்களுக்கு விரை அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றைச் சொல்பவர்கள், ஸ்லிட் லாம்ப் கண் பரிசோதனையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கண்ணின் உட்கூழான விட்ரியஸிலும் இந்த நோய் இருக்கலாம் என்பதால் அதையும் விடையில் சேர்த்துவிடுங்கள்.