டோஸ் கணக்கு: சூத்திரத்துக்கு முன் ஒரு உத்தேசம்

நர்ஸிங் படிப்பில் டோஸ் கணக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். கணிதம் என்று பார்த்தால் பெருக்கலும் வகுத்தலும்தான். வேண்டிய அளவைக் கையில் இருக்கும் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் மி.லி.யால் பெருக்க வேண்டும். இந்தச் சூத்திரத்தை யாரும் மறப்பதில்லை. மதிப்பெண் போவது அலகில்.

டிகாக்ஸின் என்ற இதய மருந்தை 125 மைக்ரோகிராம் ஊசியாகக் கொடுக்க வேண்டும். ஆம்பூலில், அதாவது ஊசி மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியில், 2 மி.லி.க்கு 0.5 மி.கி. இருக்கிறது என்று வையுங்கள். எண்களை அப்படியே சூத்திரத்தில் போட்டால் 500 மி.லி. வரும். சிரிப்பு வரவைக்கும் விடை, உடனே பிடிபட்டுவிடும். ஆபத்து வேறு இடத்தில்: அவசரத்தில் 1 மி.கி.க்கு 100 மைக்ரோகிராம் என்று மாற்றினால் 5 மி.லி. வரும், அது பார்க்க நியாயமாகவே தெரியும். அதனால் பேனாவை எடுப்பதற்கு முன்பே அலகை மாற்றிவிட்டு, விடை ஒரு ஆம்பூலுக்குள் அடங்குமா என்று உத்தேசமாகச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். 0.5 மி.கி. என்றால் 500 மைக்ரோகிராம். அதில் 125 கால்வாசி. ஆக, 2 மி.லி.யில் கால்வாசி, 0.5 மி.லி. சூத்திரம் அப்புறம், சரிபார்க்க மட்டும். ஒரே டோஸுக்கு மூன்று நான்கு ஆம்பூல் உடைக்க வேண்டிவந்தால், கணக்கை விட்டுவிட்டு மருந்துச் சீட்டை மறுபடி படியுங்கள்.

டிரிப் கணக்கு இதைவிடச் சுலபம். 1000 மி.லி. 8 மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் செட்டில் (மருந்து இறங்கும் குழாயில்) மி.லி.க்கு 20 சொட்டு, 8 மணி என்றால் 480 நிமிடம்: 1000 × 20 ÷ 480 = 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. சிறு சொட்டாக விழும் மைக்ரோ செட்டில் மி.லி.க்கு 60 சொட்டு என்பதால் மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. அங்கே கணக்கே வேண்டாம். முழு எண்ணாக்குவதைக் கடைசியில் மட்டும் செய்யுங்கள்.

சதவீதமும் விகிதமும் வரும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். 2% லிக்னோகெய்ன் என்றால் 100 மி.லி.யில் 2 கிராம், அதாவது மி.லி.க்கு 20 மி.கி. அட்ரினலின் 1:1000 என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம், மி.லி.க்கு 1 மி.கி. 1:10,000 அதில் பத்தில் ஒரு பங்குதான். 0.5 மி.கி. வேண்டுமென்றால் முதலாவதில் 0.5 மி.லி., இரண்டாவதில் 5 மி.லி. இதை நெட்டுருப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் கிராமிலிருந்து எழுதிக்கொண்டு வாருங்கள்.

இன்சுலினில் கணக்கைவிட சிரிஞ்ச்தான் முக்கியம். 20 யூனிட் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். மி.லி.க்கு 100 யூனிட் உள்ள மருந்தை, 40 யூனிட் சிரிஞ்சில் (மி.லி.க்கு 40 யூனிட் என்று கோடு போட்டது) 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். காகிதத்தில் கணக்கு சரி, நோயாளிக்குப் போவது இரண்டரை மடங்கு.

குழந்தைகளுக்கான கேள்வியில் 'ஒரு நாளைக்கு' என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். 12 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 40 மி.கி., மூன்று வேளையாகப் பிரித்து என்றால், நாளுக்கு 480, வேளைக்கு 160 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. இருந்தால் 6.4 மி.லி. பிரிக்க மறந்தால் 19.2 மி.லி. தேர்வில் கொடுக்கும் நான்கு விடைகளில் அந்த 19.2 பெரும்பாலும் ஒன்றாக இருக்கும், கேள்வி எழுதுகிறவருக்கு நம் பழக்கம் தெரியும்!

எழுதும்போது .5 என்று விடாமல் 0.5 என்றும், 5.0 என்று நீட்டாமல் 5 என்றும் எழுதப் பழகுங்கள். புள்ளி மங்கினால் அளவு பத்து மடங்கு மாறிவிடும். தோழியிடம் சரிபார்க்கக் கொடுக்கும்போது உங்கள் விடையைக் காட்டாமல் கேள்வியை மட்டும் கொடுங்கள். விடையைப் பார்த்துவிட்டால் அவரும் அதை நோக்கியே கணக்குப் போடுவார்.