களை எடுக்கத் தடை

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொல்லிவிட்டுப் போன புண்ணியவான், விதைத்த பிறகு மாமியாரிடம் அனுமதி வாங்கித்தான் களை எடுக்க முடியும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லை ஒன்றும் பெரிதில்லை, கிணற்றடிக்கும் மதிலுக்கும் நடுவில் சும்மா கிடந்த இடம்தான். இந்த ஆடியில் அதைக் கொத்திப் பாத்தி கட்டி, நாற்று எதுவும் வாங்காமல் எல்லாமே விதையிலிருந்தே வளர்ப்பது என்று வீட்டில் முடிவானது. வெண்டையும் கொத்தவரையும் நேராக மண்ணில், கத்தரி, தக்காளி, மிளகாய்க்குத் தனியாக நாற்றங்கால், பாகல் விதைக்குத் தோல் கெட்டி என்பதால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறல், மதிலோரம் சுரை, பந்தல் போட்டு அவரை. நடுவில் மிச்சமிருந்த இடம் கீரைக்கு. கீரை விதை கடுகை விடப் பொடிசு, அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்துவிடும், அதனால் மணலோடு கலந்து தூவினோம்.

மறுநாள் காலையில் பார்த்தால் பாத்தியிலிருந்து மதில் பொந்து வரைக்கும் எறும்பு ஊர்வலம். ஒவ்வொன்றின் வாயிலும் கறுப்பாக, பளபளவென்று ஒரு கீரை விதை. நான் மஞ்சள் தூள் டப்பாவோடு ஓடிவர, அத்தை தடுத்துவிட்டு ஒரு கை நொய்யை வரப்போரம் தூவினார். "அதுக்கும் பசிக்குமில்ல? இதைத் தின்னுட்டு அதை விட்டுடும்." எறும்புகள் நொய்யைப் பத்திரமாகப் பொந்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, விதைக்குத் திரும்பி வந்தன.

எப்படியோ எறும்பு போக மிச்சம் முளைத்தது. வெண்டை நாலைந்து நாளில் மண்ணை முட்டிக்கொண்டு வந்தது, மிளகாய் மட்டும் வருவேனா மாட்டேனா என்று இழுத்தடித்தது. ஆனால் இவை எல்லாவற்றையும் முந்திக்கொண்டு, யாரும் விதைக்காத ஒரு கூட்டம் பாத்தி முழுக்கப் பச்சைப்பசேல் என்று நின்றது.

சரி, களை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் செடியில் கை வைத்தவுடன் திண்ணையிலிருந்து குரல்: "அம்மாடி, அது கீழாநெல்லி! மஞ்சக்காமாலைக்கு மருந்து."

"நம்ம வீட்ல யாருக்கு அத்தை மஞ்சக்காமாலை?"

"வந்தா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அடுத்ததில் கை வைத்தேன். அது குப்பைமேனி, சொறி சிரங்குக்கு. அடுத்தது மூக்கிரட்டை, பருப்போடு சேர்த்துக் கடைந்தால் அமிர்தமாம். தும்பை தலைபாரத்துக்கு, நாயுருவி பல்லுக்கு. கடைசியாக, எந்த விவசாயியைக் கேட்டாலும் திட்டித் தீர்க்கிற கோரையைப் பிடித்து இழுத்தேன், அதற்காவது யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்து. "கிழங்கோட எடு, குளியல் பொடிக்கு ஆகும்" என்றார். அதிலேயே ஒரு வியாதிக்கும் நாதியில்லாமல் அனாதையாக நின்றவை நான் விதைத்த வெண்டையும் கத்தரியும்தான்.

ஒரே ஒரு செடிக்கு மட்டும் உத்தரவு கிடைத்தது. பார்த்தீனியம். "அதைப் பிடுங்கிப் போடு, அது நம்ம ஊர்ச் செடியே இல்லை." உண்மைதான், அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, 1950களில் புனே பக்கம் தலைகாட்டி அப்புறம் நாடு முழுக்கப் பரவியது. கையில் உறை மாட்டிக்கொண்டே, "தக்காளியும் மிளகாயும்கூட அங்கிருந்து வந்ததுதான் அத்தை" என்றேன். அத்தை யோசிக்கவே இல்லை. "அது சாம்பாருக்கு வருது. இது வருதா?"

இதற்குள் மாமாவின் கவனம் முழுக்கச் சுரைக்கொடியில். முதலில் பூத்ததெல்லாம் ஆண் பூ, பூத்துப் பூத்து உதிர்ந்துகொண்டே இருந்தது. சுரையில் அப்படித்தான், ஆண் பூ முதலில் வரும், பெண் பூவுக்கு அடியில் விரல் நுனி அளவு பிஞ்சு இருக்கும், அது வர நாளாகும். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து மனிதருக்கு நிலைகொள்ளவில்லை. கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், தினமும் ஒரு நோட்டில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எழுத ஆரம்பித்தார். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும் என்பதால், பொழுது சாய்ந்ததும் டார்ச்சோடு கொல்லைக்குப் போய், ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண் பூவில் ஒத்தி எடுத்துவிட்டு, கல்யாணத் தரகர் மாதிரி திருப்தியாகத் திரும்பி வருவார். ஒரு நாள் பின்தெருக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன சார் தேடறீங்க, பாம்பா?" என்றார். "இல்ல, மகரந்தச் சேர்க்கை" என்றார் மாமா. அதன்பிறகு அவர் எட்டிப் பார்க்கவே இல்லை.

தரகர் வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. சுரைக்காய் காய்த்தது பாருங்கள், கூட்டு, குழம்பு, அடை, அல்வா எல்லாம் ஒரு சுற்று முடிந்து மறுசுற்று ஆரம்பித்தபோது வீட்டுக்காரர் ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். தெருவில் யாருக்காவது கொடுக்கலாம் என்றால், நான் பையோடு வருவது தெரிந்தாலே அவரவர் வீட்டில் அடுப்பில் பால் பொங்க ஆரம்பித்துவிடும்.

அவரை வேறு கதை. பந்தல் கொள்ளாமல் இலை, பேருக்கு ஒரு பூ கிடையாது. வெட்டிவிடலாமா என்று மாமா கேட்டதற்கு, பகல் குறைந்தால்தான் பந்தல் அவரை பூக்கும், மார்கழி வரட்டும் என்று அத்தை வாயை அடைத்துவிட்டார். தக்காளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாற்றுவிட்டுப் பக்குவமாக நட்டது முழங்கால் உயரத்தில் நிற்கிறது, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுமிடத்தில் தானாக முளைத்தது கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா தானாகவே கொல்லைப்பக்கம் வந்தார். ஆச்சரியமாக இருந்தது, சுரைக்காய் சீசனில் எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கிற தைரியம் யாருக்கு வரும்? "பையனுக்கு உடம்பெல்லாம் அரிப்பு, குப்பைமேனி இருக்குமா?" என்றார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டு, ஆற அமர ஒரு பிடி குப்பைமேனியைப் பறித்து, அதற்கு அடியில் இரண்டு சுரைக்காயையும் வைத்துப் பையைக் கட்டினார்.

"இல்லம்மா, சுரைக்காய் இருக்கு வீட்ல…"

"தனித்தனியா தர்றதில்லை."