மலையில் ஒரு டப்பா, மாடியில் ஒரு டப்பா

டிசம்பர் 28, 2024. சேலம்

சிக்கமகளூரு பக்கத்துத் தோட்டம் ஒன்றின் காபிக்கொட்டை இன்று கூரியரில் வந்தது. பையின் மேல் 'அனேரோபிக் நேச்சுரல், 96 மணி நேரம்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதாவது, காற்று புகாமல் அவ்வளவு நேரம் புளிக்கவைத்து, பழத்தோடே காயவைத்தது. ரகம் செலக்‌ஷன் 9. எத்தியோப்பியாவின் தஃபாரிகேலாவையும் திமோர் கலப்பினத்தையும் சேர்த்து நம் நாட்டில் உருவாக்கியது. 250 கிராமுக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

வழக்கம்போல வி60 வடிகட்டிக் கூம்பில் 15 கிராம் தூள், 240 மில்லி தண்ணீர், 94 டிகிரி. பையைப் பிரித்தபோதே பழுத்து வெடித்த பலாப்பழ வாசனை கூடம் வரை போய்விட்டது. குடித்தால் முதலில் அன்னாசி. அப்புறம் நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துகொண்டு போக மறுத்தது. அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்து, "கள்ளுப் பானைல காபி போட்டியாடா?" என்றார்.

டிசம்பர் 30

இன்று 88 டிகிரி. தூளைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தேன், ஐந்து முறை ஊற்றுவதை மூன்றாகக் குறைத்தேன். கசப்பு பாதிக்கு மேல் போய்விட்டது, பலாப்பழம் நின்றது. ஆறிய பிறகு வெல்லப்பாகு மாதிரி ஒரு வால். நன்றாகப் புளிக்கவைத்த கொட்டை, கேட்காமலே ஊர்க்கதை சொல்லும் ஆள் மாதிரி. போய்க் குடைந்தால் வேண்டாததெல்லாம் வெளியே வரும்.

அம்மா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "96 மணி நேரம்னா எந்த ஊர்ல? எந்த மாசத்துல?"

நியாயமான கேள்வி. சித்திரையில் ஐந்து மணி நேரத்தில் பொங்கி வழியும் இட்லி மாவு மார்கழியில் விடியும் வரை அசையாது. பையில் தொட்டியின் சூடும் இல்லை, எடுத்தபோது இருந்த பிஎச்சும், அதாவது புளிப்பு கூடக் கூடக் குறையும் அந்த எண்ணும் இல்லை. மணிக்கணக்கு மட்டும். இத்தனை நாள் அதைப் பார்த்துத்தான் காபி வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 4, 2025. ஏற்காடு

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி நண்பனின் தோட்டத்துக்கு வந்தாயிற்று. சில்வர் ஓக் நிழலில் மிளகுக்கொடியோடு கொஞ்சம் காபிச் செடிகள். நன்றாகச் சிவந்த பழமாகப் பறிக்க வேண்டும் என்றேன். "மாப்ள, கூலிக்கு ஆள் வச்சா இந்த வேகத்துல நான் கடன்காரனாயிடுவேன்" என்றான். இரண்டு பேரும் மதியம் வரை பறித்ததில் ஒன்பது கிலோ. தண்ணீரில் போட்டு மிதந்ததை வாரி எடுத்தபின் எட்டுக்குச் சற்று மேல்.

தலா நான்கு கிலோ, இரண்டு பிளாஸ்டிக் டப்பா. மூடியில் துளை, துளையில் டியூப், டியூபின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். உள்ளே உண்டாகும் கரியமில வாயு குமிழாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. 'அனேரோபிக்' என்று அச்சடித்து விற்பதன் அடிப்படை இவ்வளவுதான். வாயுவை வெளியிலிருந்தே செலுத்தினால் கார்பானிக் மேசரேஷன். பிரான்சின் போஜொலே ஒயின்காரர்களின் கைவேலை அது. ஆஸ்திரேலியாவின் சாஷா செஸ்டிச் 2015-இல் காபி தயாரிப்பவர்களுக்கான உலக பரிஸ்டா போட்டியை வென்றது அப்படிப் பதப்படுத்திய சூடான் ரூமே என்ற ரகக் காபியை வைத்துத்தான். அதன்பின் ஆளாளுக்குத் தொட்டி வாங்கினார்கள்.

ஒரு டப்பா நண்பன் வீட்டுத் திண்ணையில், ஒன்று என்னோடு சேலத்துக்கு. இரண்டுக்கும் 72 மணி நேரம்.

ஜனவரி 5

மாடியறையில் மதியம் 31 டிகிரி. பாட்டிலில் உலை கொதிப்பதுபோல் குமிழ். மலையில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டுதானாம்.

ஜனவரி 6

தப்பு செய்துவிட்டேன். வாசனை எப்படி இருக்கிறதென்று மூடியைத் திறந்தேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

ஜனவரி 7

சாயங்காலம் இரண்டையும் திறந்தோம். நண்பன் தன் டப்பாவைப் பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். மலையில் விடியற்காலை 13 டிகிரி, அதிகபட்சம் 21 என்று துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தான். பிஎச் காகிதத்தில் அவனுடையது நாலரை, என்னுடையது நாலுக்கும் கீழே. அவன் டப்பாவில் கொய்யா வாசனை. என்னுடையதில் அதுவும் இருந்தது, மேலே நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் காட்டம்.

அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லியூகோனாஸ்டாக் பாக்டீரியா காபிப் பழத் தொட்டியிலும் உண்டு என்றேன். "பேரு தெரியாமத்தான் நாப்பது வருஷமா அதை வளக்குறேன்" என்றார்.

ஜனவரி 13

இரண்டும் ஒரே மாடியில், தனித்தனி வலையில் காய்கின்றன. காய்வதிலும் வித்தியாசம் வந்துவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? உச்சி வெயிலில் வேட்டி போட்டு மூடுகிறேன். வேகமாகக் காய்ந்தால் தோல் முறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும். அம்மா வடகம் கிளறுகிற கையால் கிளறுகிறார்.

இன்று போகி. பக்கத்து வீட்டில் பழைய பாயைக் கொளுத்துவார்கள் என்று தெரிந்து, விடியும் முன் இரண்டு வலையையும் உள்ளே தூக்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஈரக்கொட்டை புகையைக் குடித்துவிடும்.

ஜனவரி 31

காதருகே குலுக்கினால் கலகலவென்கிறது. ஈரம் 11 சதவீதம், கடையில் காட்டி அளந்தேன். உரலில் போட்டு மெதுவாக இடித்துப் புடைத்தோம். நான்கு கிலோ பழத்துக்கு எழுநூறு கிராம் கொட்டை. தோள்பட்டை கழன்றுவிட்டது.

மார்ச் 2

ஒரு மாதம் பொறுத்து, போன வாரம் தெரிந்தவர் ஒருவரின் சின்ன ரோஸ்டரில் வறுத்தேன். இரண்டும் இளவறுப்பு. இன்று கப்பிங், அதாவது காபியைச் சுவைத்து ஒப்பிடும் சோதனை: 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம், நான்கு நிமிடம் கழித்து மேலே திரண்ட ஏட்டை உடைப்பது. கோப்பைகளின் அடியில் எண் ஒட்டி அம்மாவை மாற்றி வைக்கச் சொன்னேன்.

எண் தேவையே படவில்லை. ஒன்றில் நாவற்பழத் துவர்ப்பு, கருப்பட்டி, ஆறஆறத் திராட்சை. அதன் அடியில் காபியும் தெரிந்தது. மற்றது சூட்டில் வினிகர், ஆறினால் அழுகப்போகும் அன்னாசி. எந்தச் செடி, எந்த மண் என்று எதுவும் தெரியவில்லை. அதே செடிகள், அதே நாள், அதே 72 மணி நேரம்.

ஆனால் பழி முழுவதையும் சேலத்து வெயில் மேல் போட முடியாது. வினிகர் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். அந்தக் காற்றை இரண்டு முறை கொடுத்தவன் நான். அடுத்த அறுவடையில் மூடிக்குப் பூட்டு போட வேண்டும், சாவி அம்மாவிடம்.

மார்ச் 3

காலையில் சமையலறையில் பலாப்பழ வாசனை. ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த சேலத்துக் கொட்டையை அரைத்து, சிக்கரியோடு பில்டரில் இறக்கி, பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆற்றிக்கொண்டிருந்தார் அம்மா. டபராவை நீட்டினார். பலாச்சுளைப் பாயசம் மாதிரி இருந்தது, மறுக்க முடியவில்லை.

"இது எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்றார்.