தத்தா, நமர்

என் அண்ணனோடு நான் பேசிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. வங்கிக் கடனுக்கு வேண்டும் என்று சொல்லி அவர் நீட்டிய தாள்களில், படித்துப் பார்க்காமலேயே கையெழுத்திட்டேன். அப்பா கட்டிய வீட்டில் எனக்கிருந்த பங்கை நானே விட்டுக்கொடுத்துவிட்டதாக எழுதப்பட்ட பத்திரம் அது என்பது பிறகுதான் தெரிந்தது. வீடு போனதைவிட, நம்பிக் கையெழுத்திட்ட அந்த நிமிடம்தான் என்னை விடாமல் அறுத்துக்கொண்டிருந்தது. பூசை அறையில் விளக்கேற்றும்போதுகூட அந்த நினைவே முதலில் வந்து நிற்கும்.

அந்தப் பாரத்தோடுதான் திருக்கோவலூருக்குப் போனேன். தென்பெண்ணையாற்றங்கரையில், சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றாகத் திகழும் வீரட்டானேசுவரர் கோயில் அது. அந்தகாசுரனை இறைவன் அடக்கிய தலம் என்பார்கள். அந்தகன் என்றால் குருடன், அவன் உருவமே அறியாமை இருள் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். என்னை இழுத்தது அந்தப் புராணமன்று. இவ்வூரிலிருந்து சேதி நாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறுதான். அவருடைய குருபூசை கார்த்திகை உத்திரத்தில் வரும். அன்று கூட்டம் இருக்கும் என்பதால் ஒரு சாதாரண நாளில் காலையிலேயே போய்விட்டேன்.

தரிசனம் முடித்து, பிராகாரத்தில் ஓர் அகல் விளக்கு ஏற்றினேன். பக்கத்தில் எரிந்து அணைந்திருந்த பழைய அகல்களை ஒதுக்கியபோது விரல் நுனிகளில் கரி அப்பிக்கொண்டது. எத்தனை துடைத்தும் ரேகைகளுக்குள் கருமை தங்கிவிட்டது. அந்த விரல்களோடு தூணோரம் அமர்ந்து, கொண்டுபோயிருந்த பெரியபுராணத்தைப் பிரித்தேன்.

மெய்ப்பொருளாரிடம் போரில் பலமுறை தோற்ற பகையரசன் முத்தநாதன், உடலெல்லாம் திருநீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைகிறான். அவனைச் சேக்கிழார் ‘மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்து’ என்கிறார்; உள்ளே கரி பொதிந்த விளக்கைப்போல என்று பொருள். அதைப் படித்ததும் என் விரல்களைப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளும் இந்த வரியை அண்ணனுக்காகவே எழுதியதுபோல் படித்து வந்திருக்கிறேன். நெற்றியில் நீறும் நெஞ்சில் கறுப்புமாக அன்று அந்தக் கோயிலில் உட்கார்ந்திருந்தவள் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

எவரிடமும் இல்லாத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்ததாகச் சொல்லி, தனியிடம் கேட்டு, அரசர் வணங்கிய வேளையில் ‘பத்திரம் வாங்கி’த் தான் நினைத்ததை அவன் முடிக்கிறான். பத்திரம் என்றால் அங்கே ஆயுதம். எனக்கும் அப்படித்தான். அடுத்த வரியில் சேக்கிழார், குத்தியவன் வென்றதாகச் சொல்லவில்லை. குத்துப்பட்டவர் ‘தொழுது வென்றார்’ என்கிறார். காவலிருந்த தத்தன் வாளோடு பாய்கிறான். கீழே சாய்ந்துகொண்டிருக்கும் அரசர் கையை நீட்டி, ‘தத்தா, நமர்’ என்று தடுக்கிறார்.

நமர் என்றால் நம்மவர். அந்த ஒரு சொல்லை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அவர் அதோடு நிறுத்தவுமில்லை. செய்தி அறிந்து கொதித்து எழும் மக்களிடமிருந்து காத்து, அவனை ஊர் எல்லை கடத்தி விட்டுவரும்படி தத்தனையே அனுப்புகிறார். இடையூறு இல்லாமல் விட்டேன் என்று தத்தன் திரும்பி வந்து சொல்லும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து, ‘இன்று எனக்கு ஐயன் செய்தது யார் செய்ய வல்லார்’ என்று நன்றி சொல்கிறார்.

மன்னிப்பு என்றால் மனத்துக்குள் நிகழ்வது என்றே நினைத்திருந்தேன். நாயனார் செய்தது அதற்கும் மேலே: தமக்காகச் சினம் கொண்டவரின் வாளைத் தாழ்த்தச் சொன்னார். நானோ உறவினர் ஒவ்வொருவரிடமும் அண்ணன் செய்ததைச் சொல்லிச் சொல்லி, அவர்கள் அவரைத் திட்டுவதைக் கேட்டுக் குளிர்ந்திருக்கிறேன். எத்தனை தத்தன்களின் கையில் வாளைக் கொடுத்து வைத்திருந்தேன்! அண்ணன் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. அது வஞ்சனைதான், முத்தநாதன் செய்ததும் வஞ்சனைதான். ஆனால் நாயனார் அவனிடம் கண்டது திருநீற்றை. என் அண்ணனிடம் காண எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தபோது, அவர் சிரித்தால் அப்படியே அம்மாவின் முகம் என்பது நினைவுக்கு வந்தது. தூணில் சாய்ந்து வெகுநேரம் அழுதேன். அர்ச்சகர் நடை சாத்தும் நேரமாயிற்று என்று மெல்லச் சொன்ன பிறகே எழுந்தேன்.

ஊர் திரும்பிய மறுவாரம் சித்தி தொலைபேசியில் அழைத்தார். அண்ணனுக்கு வியாபாரத்தில் பெரிய நஷ்டம் என்றும், ‘உன் வயிற்றெரிச்சல் சும்மா விடுமா, நன்றாக வேண்டும் அவனுக்கு’ என்றும் ஆத்திரத்தோடு சொன்னார். முன்பெல்லாம் அந்தப் பேச்சை நானே இன்னும் கொஞ்சம் நீட்டியிருப்பேன். அன்று தொண்டை அடைத்தது.

“அப்படிச் சொல்லாதீங்க சித்தி. அவர் நம்ம அண்ணன்” என்றேன்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு சித்தி, “அவன் நம்பர் இருக்கா உன்கிட்ட?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.