இரண்டு கிணறுகளுக்கு நடுவே ஒரு கேள்வி

நிலத்தடி நீரின் வேதியியலை ஆராயும் பல்கலைக்கழகத் துறையொன்றில் நான் பணியில் சேர்ந்த புதிதில், மாதிரி எடுக்கச் சென்ற இடங்களிலெல்லாம் மக்கள் கேட்டது ஒன்றுதான்: "இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?" பாறையிலிருந்து நீரில் கரைந்து வரும், மிகுந்தால் பற்களில் கறை படியச் செய்யும் ஃபுளோரைடே எங்கள் ஆய்வுப் பொருள். அது கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால், பிளாஸ்டிக் புட்டிகளில் நீரைப் பிடித்து, எண் எழுதி ஒட்டி, சோதித்துச் சொல்கிறோம் என்று கூறிவிட்டுத் திரும்புவோம்.

ஒரு தாய் மட்டும் வேறு விதமாகக் கேட்டார். தம் மகனை அருகில் அழைத்து, பழுப்புக் கறை படிந்த அவன் முன்பற்களைக் காட்டி, "பக்கத்துக் கிணற்றில் குடிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி இல்லையே, ஏன்?" என்றார். சோதித்தபோது அவர் வீட்டுக் கிணற்றில் ஃபுளோரைடு, உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது; பக்கத்துக் கிணற்றில் அதற்குள் அடங்கியிருந்தது. பாறை ஒன்றே, நீர் வேறு. கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளோரைடு ஓர் அளவுக்கு மேல் கரைந்து நிற்க இயலாது. கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகும்போது பாறையிலிருந்து அது மேலும் மேலும் கரைந்து வரும். அவ்வளவு அருகருகே கால்சியம் ஏன் இப்படி வேறுபட வேண்டும் என்பதே எங்கள் ஆய்வின் மையக் கேள்வியானது. அறிவுலகத்துக்கான கேள்வி ஒன்று, ஊருக்கான கேள்வி வேறொன்று என்று நான் அதுவரை பிரித்து வைத்திருந்தது அன்றே பொருளிழந்தது.

ஊரார் கேள்வி ஆய்வாக மாறுவது புதிதல்ல. 1933-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விவசாயி இறந்த கிடேரியையும், உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும், கெட்டுப்போன தீவனத்தையும் கொண்டுவந்தார். அந்தத் தீவனத்தைக் கொடுக்க வேண்டாம், முடிந்தால் நோயுற்ற மாடுகளுக்கு இரத்தம் ஏற்றலாம் என்பதற்கு மேல் அன்று அவருக்குச் சொல்ல ஏதுமில்லை. அங்கிருந்த வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் குழு 1939-இல் அத்தகைய தீவனத்திலிருந்து, இரத்தத்தை உறையவிடாத டைகூமரோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் உருவான வார்ஃபரின் பின்னாளில் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தாயிற்று. இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த விவசாயியிடமே நிற்கிறது. அன்றைக்கே ஓர் எச்சரிக்கையாவது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததே!

எங்கள் ஆய்வில் அதுவும் நடக்கவில்லை. முடிவுகளைக் கட்டுரையாக்கும் முனைப்பில் பல மாதங்கள் கழிந்தன. நான் மீண்டும் சென்றபோது அந்தத் தாய், நீரை நன்றாகக் கொதிக்க வைத்தே மகனுக்குக் கொடுப்பதாக நிம்மதியோடு சொன்னார். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு நீங்காது, நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்த அந்தச் சில நிமிடங்கள் இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

இப்போது அளவீடு முடிந்த வாரத்திலேயே, எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம், எதைத் துவைக்க மட்டும் பயன்படுத்தலாம் என்று எழுதி வீடுதோறும் கொடுத்துவிடுகிறோம். கட்டுரை அதற்குப் பின்னர்தான். அந்தத் தாளைப் படித்துப் பார்த்த அந்தத் தாய், மழைக்காலத்திலும் இதே அளவுதான் இருக்குமா என்று கேட்டார். இரு பருவங்களிலும் மாதிரி எடுக்கத் தொடங்கியிருக்கிறோம்.