மீட்டரில் குறைவாகக் காட்டும் கந்தகம் எங்கே போகிறது?

எங்கள் வடசென்னைப் பக்கம் காற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் முதலில் சொல்வது மொட்டைமாடியில் படியும் கரியைத்தான். எர்ணாவூர், கத்திவாக்கத்தில் துணி காயப்போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற துகள் பெரியது, பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நான் எழுத வந்தது சிம்னியை விட்டு வெளியே வரும்போது துகளாகவே இல்லாமல், வந்த பிறகு காற்றிலேயே துகளாகிற கந்தகத்தைப் பற்றி.

நிலக்கரியில் இருக்கும் கந்தகம் எரியும்போது கந்தக டை ஆக்சைடு வாயுவாகிறது. அனல்மின் நிலையங்களில் சாம்பலைப் பிடிக்க மின்புல வடிகட்டி உண்டு, சாம்பலை அது நன்றாகவே பிடிக்கும், வாயுவை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மேலே போன வாயு வெயிலில் நடக்கும் வேதிவினையாலோ, மேகத்திலும் பனியிலும் இருக்கும் நீர்த்துளிக்குள் கரைந்தோ கந்தக அமிலமாகிறது, அமிலம் காற்றில் இருக்கும் அம்மோனியாவைச் சேர்த்துக்கொண்டு அம்மோனியம் சல்பேட் ஆகிறது. சாக்கடையும் குப்பைமேடும் மாட்டுக்கொட்டகையும் இருக்கிற ஊரில் அம்மோனியாவுக்குப் பஞ்சமில்லை. இப்படி உருவாகும் துகள் பெரும்பாலும் 1 மைக்ரோமீட்டருக்கும் கீழே, அதாவது தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. நுரையீரலின் அடி வரைக்கும் தடையில்லாமல் போகும்.

மணலியில் இருக்கும் என் சித்தி போனில் காற்றின் தரத்தைச் சொல்லும் சமீர் ஆப்பைக் காட்டி, "இதுல கந்தகம் கம்மியாத்தானே போட்டிருக்கான், அப்புறம் ஏன்டா எனக்கு இப்படி இழுக்குது?" என்று கேட்டார். இழுப்புக்குக் காரணம் பல இருக்கலாம், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் இருக்கிறது. அந்த எண் வாயுவை மட்டும் அளக்கிறது. நம் நாட்டில் அதற்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 40. வரம்புக்குள் இருக்கிறது என்றால் கந்தகம் இல்லை என்று அர்த்தமில்லை. வாயுவாக அது தங்குவது ஓரிரு நாள்தான், அதற்குள் ஒரு பகுதி சல்பேட் ஆகி, 2.5 மைக்ரோமீட்டருக்குள் அடங்கும் நுண்துகளை அளக்கும் பிஎம் 2.5 என்ற இன்னொரு எண்ணுக்குள் போய்விடுகிறது. அந்த எண்ணோ எவ்வளவு தூசி என்று சொல்லுமே தவிர, எதனால் ஆன தூசி என்று சொல்லாது.

துகளான பிறகு மழை வந்து கழுவும்வரை பல நாள் மிதக்கும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்களின் புகை தெற்கே நகரத்தின் மேல்தான் போகிறது, ஆகவே இதை வடசென்னைக்காரர்களின் பிரச்சினை என்று அடையாறில் இருப்பவர்கள் நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்னொன்று, ஈரப்பதம் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தாண்டினால் அம்மோனியம் சல்பேட் தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும், ஊதிய துகள் வெளிச்சத்தை இன்னும் அதிகமாகச் சிதறடிக்கும். மார்கழி விடியலில் பனி என்று நாம் நினைக்கும் மூட்டத்தில் இதற்கும் பங்குண்டு. (போகிக்கு டயர் எரிப்பவர்களுக்கும் சொல்கிறேன், ரப்பரை இறுக்கவே கந்தகம்தான் சேர்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.)

கடல் அலையின் தெறிப்பிலும் சல்பேட் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் கடல்நீரில் சோடியத்துக்கு இவ்வளவு சல்பேட் என்ற விகிதம் தெரிந்தது, துகளில் சோடியத்தை அளந்து கடலின் பங்கைக் கழித்துவிடலாம்.

2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களின் கந்தக வாயுவுக்கு வரம்பு விதித்தது, இரண்டு வருடம் கெடு. சுண்ணாம்புக்கல் கரைசலில் புகையைக் கழுவி கந்தகத்தை ஜிப்சமாக மாற்றும் எஃப்ஜிடி கருவி அதற்குத்தான். கெடு தள்ளிக்கொண்டே போய், 2025 ஜூலையில் நாட்டின் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை 2027 முடிவதற்குள் கட்டாயம் வைக்க வேண்டும். அத்திப்பட்டு, வல்லூர் சிம்னிகள் நிற்கும் இடத்தை வரைபடத்தில் பாருங்கள், சென்னை மாநகராட்சி எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே ஒரு அலகுக்குக்கூட விலக்கு கேட்கக் கூடாது.

நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது விலக்குக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. சரி, கணக்குப் போடுவோம். 0.5 சதவீதம் கந்தகம் உள்ள கரி 1000 டன் எரித்தால் 5 டன் கந்தகம், அது ஏறக்குறைய 10 டன் வாயு, அத்தனையும் அம்மோனியம் சல்பேட் ஆனால் 20 டன் துகள். 500 மெகாவாட் அலகு ஒன்று முழுத்திறனில் ஓடினால் ஒரே நாளில் இதைப் போலப் பல மடங்கு கரியை எரிக்கும். வல்லூரில் மட்டும் அப்படி 3 அலகுகள். எஃப்ஜிடிக்குச் செலவு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் 2020-ல் வண்டிப் புகைக்கான பிஎஸ் 6 விதி வந்தபோது வண்டி எரிபொருளில் கந்தகத்தை 50 பிபிஎம்-லிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-க்கு இறக்கினோம், அதே வருடம் உலகம் முழுக்கக் கப்பல் எண்ணெயில் 3.5 சதவீதத்தை 0.5 ஆக்கினார்கள். அங்கேயும் செலவுதான் தடையாக இருந்தது.

துகளை வடிதாளில் பிடித்து, தண்ணீரில் கரைத்து, அதில் சல்பேட் எவ்வளவு என்று பார்ப்பது சாதாரண ஆய்வக வேலை. மணலியிலும் கொடுங்கையூரிலும் ராயபுரத்திலும் காற்றை அளக்கும் நிலையங்கள் ஏற்கனவே இருக்கின்றன, இதை அங்கேயே தொடங்கலாம். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மைக் கையில் கிடைத்தால் இரண்டு எண்களைக் கேட்கப் போகிறேன். ஒவ்வொரு சிம்னியிலிருந்தும் ஒரு நாளைக்கு எத்தனை டன் கந்தக டை ஆக்சைடு வெளியேறுகிறது, எங்கள் தெருவின் பிஎம் 2.5-ல் சல்பேட் எவ்வளவு. வருகிறவர்கள் நீங்களும் கேளுங்கள்.